அம்மாவின் சர்க்கரையைத் தொலைபேசியில் பார்க்க முடியுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். சிங்கப்பூர் யீஷூனில் தம்பி குடும்பத்தோடு இருக்கும் அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை வந்து 17 வருடம். கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) 10.2. மெட்ஃபார்மினும் கிளிபிசைடும் சாப்பிடுகிறார், ஆறு மாதமாக ராத்திரியில் 10 அலகு இன்சுலின். இப்போது பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒரு திட்டத்தில் சேரச் சொல்கிறார்கள். கைப்பேசியோடு இணையும் சோதனைக் கருவி ஒன்று தருவார்களாம். வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தால் அளவு அவர்களுக்குப் போய்விடுமாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தாதி கூப்பிட்டுப் பேசுவாராம். டாக்டர் நேரில் பார்க்காமல் இது சரிவருமா, செலவைக் குறைக்கச் செய்கிற வேலையா, ஆங்கிலம் தெரியாத அம்மா எப்படிச் சமாளிப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவோ, "வீட்டுக்குள்ளயும் வந்து வேவு பாக்கப் போறாங்களா?" என்கிறாராம்.

எனக்கு அம்மாவின் கேள்விதான் பிடித்திருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் 26 வருடம் தாதியாக இருந்தவள். கடைசி ஒன்பது வருடம் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை, அதில் பாதி தொலைபேசியில். அம்மாவை நான் பார்த்ததில்லை, அதனால் எத்தனை அலகு போடலாம் என்றெல்லாம் என்னால் சொல்ல முடியாது. திட்டத்தைப் பற்றிச் சொல்லலாம். சேரச் சொல்லுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கூப்பிடுகிற தாதி, அன்றைக்கே மருந்தின் அளவை மாற்றச் சொல்ல முடியுமா?" முடியும், அல்லது டாக்டரோ மருந்தாளரோ அந்த வாரத்துக்குள் மாற்றிச் சொல்வார் என்றால் நல்ல திட்டம். "அளவையெல்லாம் குறித்துவைத்து அடுத்த முறை டாக்டரிடம் காட்டுவோம்" என்றால், பாதித் திட்டம்தான். அப்போதும் சேரலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், ஒரு கணக்கு. அம்மா 10 அலகில் தொடங்கியிருக்கிறார். ராத்திரியில் போடும் அந்த நீண்ட நேர இன்சுலினை எல்லோருக்குமே சின்ன அளவில்தான் தொடங்குவார்கள், தாழ்சர்க்கரை, அதாவது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது, வந்துவிடக் கூடாதே என்று. பிறகு காலையில் வெறும் வயிற்று அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பரவலாகக் கையாளும் முறை, மூன்று நாளுக்கு ஒருமுறை 2 அலகு. ஒருவருக்குக் கடைசியில் 30 அலகு தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 படி ஏற வேண்டும், ஒரு மாதத்தில் ஏறிவிடலாம். அதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்தகத்துக்குப் போகும்போது மட்டும் நான்கு நான்காகக் கூட்டினால்? ஐந்து தடவை, ஒன்றே கால் வருடம். அந்த ஒன்றே கால் வருடமும் கண்ணும் சிறுநீரகமும் சர்க்கரைப் பாகில் ஊறிக்கொண்டிருக்கும். இதில் டாக்டர் தப்பும் இல்லை, அம்மா தப்பும் இல்லை. நாட்காட்டியின் தப்பு. உங்கள் அம்மா ஆறு மாதமாக அதே 10 அலகிலேயே நிற்கிறார் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

(இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே 2, 2 என்று கூட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். எப்போது நிறுத்துவது, எந்த அளவு வந்தால் குறைப்பது என்று எழுதிக்கொடுத்த திட்டம் கையில் இல்லாமல் கூட்டுவது ஆபத்து. அதிலும் அம்மா கிளிபிசைடும் சாப்பிடுகிறார். அந்த மாத்திரையும் தாழ்சர்க்கரை உண்டாக்கும், இன்சுலினும் உண்டாக்கும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். இன்சுலின் ஏற ஏற அந்த மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை முதல் அழைப்பிலேயே கேளுங்கள்.)

இது என் அனுபவ ஞானம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு செய்தார்கள், முடிவு 2022இல் வெளிவந்தது. மருந்தகத்துக்கு ஒழுங்காக வந்தும் ஒரு வருடமாக எச்பிஏ1சி 8.5க்குக் கீழே இறங்காத 200 பேரை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் அம்மா மாதிரி ஆட்கள்தான். ஒரு பாதிப் பேருக்கு வீட்டு அளவுகளைத் தொலைவிலிருந்து கவனிப்பதும் சிகிச்சையை ஒருங்கிணைப்பதும் மட்டும். மறுபாதிக்கு அதோடு தாதி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு உணவு, நடை, மனச்சோர்வு எல்லாம் பேசி, மருந்தையும் அவ்வப்போது மாற்றிக்கொடுக்கும் ஏற்பாடு. ஒரு வருடத்தில் முதல் கூட்டத்துக்கு எச்பிஏ1சி 0.98 குறைந்தது, இரண்டாம் கூட்டத்துக்கு 1.59. ஆக, யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கே கிட்டத்தட்ட ஒரு புள்ளி இறங்கியது. பேசி, மருந்தையும் மாற்றினால் அதற்கு மேல் 0.61. சின்ன எண்ணாகத் தெரியும். பிரிட்டனில் பல்லாண்டு நடந்த பெரிய ஆய்வின் கணக்குப்படி, எச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருப்பவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 விழுக்காடு குறைவு. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் காரணம் சர்க்கரைதான். அந்த வரிசையில் அம்மா போய் நிற்கக் கூடாது என்றால், 10.2இலிருந்து 8.6க்கு வருவதே பெரிய தூரம்.

68 வயதில் 7க்குக் கீழேதான் வர வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்க மாட்டார்கள். வயது, தாழ்சர்க்கரை அபாயம், மற்ற நோய்கள் எல்லாம் பார்த்து 7.5, 8 என்றுகூட இலக்கு வைப்பார்கள். அம்மாவின் இலக்கு என்ன என்று கேட்டு, குளிர்பதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். இலக்கே தெரியாமல் ஓடுகிற பந்தயத்தில் யாருக்குத்தான் உற்சாகம் வரும்?

அந்தப் பதினைந்து நிமிட அழைப்பில் என்ன பேசுவார்கள் என்று கேட்பீர்கள். மருந்து ஒரு பகுதி. மீதி, மருந்தக அறையில் ஒருநாளும் வெளியே வராத விஷயங்கள்.

எங்களிடம் ஓர் ஐயா வந்துகொண்டிருந்தார். வீட்டில் பார்த்த சர்க்கரையை எழுதும் குறிப்புப் புத்தகம் பளிச்சென்று இருக்கும். 7.2, 6.9, 7.1, 7.0 (நம் ஊர்க் கருவிகள் காட்டும் மில்லிமோல் கணக்கு) என்று மூன்று மாதமும் ஒரே நீல மை, ஒரே கையெழுத்து, ஒரு நாள்கூட விடுபடவில்லை. எச்பிஏ1சி 11. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான ஏட்டை நான் பார்த்ததில்லை. கருவியின் நினைவகத்தைத் திறந்தால் மொத்தமே நான்கு அளவுகள். அவர் பொய்க்காரர் இல்லை. திட்டு வாங்கப் பயந்தவர். முந்தைய இரவு ப்ளாக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் உட்கார்ந்து 90 நாளையும் எழுதியிருக்கிறார். நானும் அன்றைக்கு அவரைத் திட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. தானாகவே அளவை அனுப்பும் கருவி வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் இதுதான். யாரும் எதையும் எழுத வேண்டாம், எழுதாத குற்றமும் வேண்டாம், நேராகப் பேச்சுக்குப் போகலாம்.

இன்னொன்று, ஊசி. எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் "வயித்துல" என்பார்கள். காணொளியில் காட்டச் சொன்னால் ஒரே இடத்தில் போட்டுப் போட்டு தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் போல் ஒரு கட்டி. அங்கே வலிக்காது, அதனால் அங்கேயே போடுவார்கள். ஆனால் அந்தக் கட்டிக்குள் போகும் இன்சுலின் ஒழுங்காக உடம்பில் சேராது. அளவைக் கூட்டிக்கொண்டே போவோம், சர்க்கரை அசையாது. இடத்தை மாற்றினால் திடீரென்று இறங்கும், தாழ்சர்க்கரைகூட வரும். இந்த வாரம் நீங்கள் போகும்போது அம்மாவின் வயிற்றைத் தடவிப் பாருங்கள். கட்டி இருந்தால் தாதியிடம் சொல்லிவிட்டு இடத்தை மாற்ற வேண்டும், சொல்லாமல் மாற்றக் கூடாது. ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை. போடும் முன் 2 அலகு வெளியே தள்ளிப் பார்ப்பது. அழுத்தியபின் பத்து எண்ணும் வரை எடுக்காமல் இருப்பது. இன்சுலின் பேனா எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். திறக்காத பேனாக்கள் குளிர்பதனப் பெட்டியில், உறைநிலைப் பகுதிக்குப் பக்கத்தில் அல்ல. திறந்தது 30 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஊர் மத்தியானம் 31, 32 சர்வ சாதாரணம், வெயில் விழும் சன்னல் ஓரத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது. பல வருடம் 14, 15 என்று இருந்த உடம்புக்கு அளவு 6க்கு வந்தால் அதுவே தாழ்வாகத் தெரியும். நடுக்கம், வியர்வை, பசி, படபடப்பு எல்லாம் வரும். "இந்த ஊசி எனக்கு ஒத்துக்கல" என்று இனிப்பாக ஒரு தே தாரிக் தேநீரைக் குடித்துவிட்டு, மறுநாளிலிருந்து ஊசியைக் குறைத்துக்கொள்வார்கள். நல்லபடி போகிற சிகிச்சை நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: நடுக்கம் வந்தால் முதலில் குத்திப் பாருங்கள். 4.0க்குக் கீழே இருந்தால் நிஜத் தாழ்சர்க்கரை. 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 4க்கு மேலே இருந்தால் ஒரு வாய் பிஸ்கட் போதும், சில வாரத்தில் உடம்பு பழகிவிடும். கருவி கைவசம் இல்லை, தலை சுற்றுகிறது என்றால் யோசிக்காமல் சீனியைக் குடித்துவிடலாம். பேச்சுக் குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தம்பி மனைவிக்கும் வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணும் அப்படித்தான். சர்க்கரை இறங்க ஆரம்பித்ததும் சில வாரம் பார்வை மங்கலாகும். விழியாடியில் நீர்ச்சத்து மாறுவதால் வருவது, தானே சரியாகும். அந்த நேரத்தில் புதுக் கண்ணாடி வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஏற்கெனவே விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால், அளவு மிக வேகமாக இறங்கும்போது அது தற்காலிகமாக மோசமாகலாம். அதனால் திட்டம் தொடங்கும் முன் அம்மாவின் விழித்திரைப் படம் எடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

விழித்திரைப் படம் என்றதும் ஒன்று தோன்றுகிறது. தொலைவிலிருந்து கவனிப்பது ஏதோ புதுமை என்று பயப்படுகிறீர்கள். பலதுறை மருந்தகத்தில் அம்மாவின் கண்ணைப் படம் எடுக்கிறார்களே, அந்தப் படத்தை அங்கேயே யாரும் படிப்பதில்லை. வேறொரு நிலையத்தில் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். 2010இலிருந்து இப்படித்தான். அம்மா பல வருடமாகத் தொலைவிலிருந்து கவனிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார், யாரும் அந்தப் பெயரில் சொல்லவில்லை, அவ்வளவே. 2020 ஏப்ரலில் கொவிட் நோய்த்தொற்று முறியடிப்புக் காலத்தில் நாங்கள் நூற்றுக்கணக்கானவர்களைத் தொலைபேசியிலேயே பார்த்தோம். அப்போது எனக்கே நம்பிக்கை இல்லை. நேரில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர்கள் தொலைபேசியில் அரைமணி நேரம் பேசினார்கள். முகத்துக்கு நேரே சொல்ல வெட்கப்படுவதை இருட்டில் சொல்வது மாதிரி.

செலவைக் குறைக்கத்தான் செய்கிறார்களா என்றால், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஏன் இருக்கக் கூடாது? பேருந்து ஏறிப் போய், இரத்தம் கொடுத்து, காத்திருந்து, ஆறு நிமிடம் டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வீடு திரும்ப அம்மாவுக்கு அரை நாள் போகிறது. அதில் மூன்று தடவை குறைந்தால் யாருக்கு நஷ்டம்? உங்கள் கவலை, அந்தத் தடவைகளுக்குப் பதிலாக எதுவுமே கிடைக்காமல் போய்விடுமோ என்பதாக இருந்தால், அது நியாயம். அதனால்தான் முதலில் சொன்ன அந்தக் கேள்வி.

கைக்காசு எவ்வளவு போகும் என்பதற்கு மருந்தகத்திலேயே விளக்கம் கேளுங்கள். கருவி இரவலா சொந்தமா, சோதனைப் பட்டைகளுக்கு யார் பணம் கட்டுவது, அழைப்புக்குக் கட்டணம் உண்டா என்ற மூன்றும் கேட்க வேண்டியவை. பட்டைதான் சத்தமில்லாமல் காசைத் தின்னும். நீரிழிவு நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம், அம்மாவிடம் 1950களில் பிறந்தவர்களுக்கான மெர்டேக்கா தலைமுறை அட்டை இருந்தால் அதன் கட்டணக் கழிவும் சேரும். கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை இடைவிடாமல் காட்டும் உணர்கருவியை வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல கருவி, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாதாமாதம் செலவு. தொடர்ந்து வேண்டாம். திட்டம் தொடங்கும்போது ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று ஒட்டிப் பார்த்தால் போதும், எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று அம்மாவே கண்ணால் பார்த்துவிடுவார். ஒருவர் தோசைதான் நல்லது என்று இருபது வருடம் நம்பியிருந்தார். மூன்று தோசைக்கு ஏறிய கோட்டைப் பார்த்துவிட்டு, நான் சொல்லாமலேயே ஒன்றாகக் குறைத்து முட்டை சேர்த்துக்கொண்டார். நான் ஒன்பது வருடம் பேசியும் நடக்காதது.

விரலில் குத்திப் பார்ப்பதிலும் கணக்கு உண்டு. தினமும் காலையில் மட்டும் பார்ப்பது இன்சுலினைக் கூட்டுவதற்கு உதவும். அதற்கு மேல், வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால் அந்தச் சாப்பாட்டின் குணம் தெரியும். சாப்பிடும் முன் 4 முதல் 7, இரண்டு மணி நேரம் கழித்து 10க்குள் என்பது பொதுவான அளவு. அம்மாவுக்கு டாக்டர் வேறு சொன்னால் அதுதான் கணக்கு. தஞ்சாவூரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டு "எனக்கு 140, உங்களுக்கு எவ்ளோ?" என்று கேட்டால் குழம்ப வேண்டாம். நாம் மில்லிமோல் கணக்கில் பார்க்கிறோம், அங்கே மில்லிகிராம் கணக்கு. நம் அளவை 18ஆல் பெருக்கினால் அவர்கள் அளவு வரும். அம்மாவின் 8, அங்கே 144.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் பேசும் தாதி வேண்டும் என்று கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மொழிபெயர்ப்புக்கு ஆள் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். நீங்களோ தம்பியோ நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது கடைசி வழியாக இருக்கட்டும். பிள்ளைகள் மொழிபெயர்ப்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள் நான். தாதி, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்?" என்று கேட்பார். மகன் அம்மா பக்கம் திரும்பி, "ராத்திரி பத்து மணிக்கு பிரியாணி சாப்பிடாதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" என்பார். அம்மா எதுவும் பேச மாட்டார். மகன் தாதியிடம் ஆங்கிலத்தில், "எட்டு மணி" என்பார். முடிந்தது. நீங்கள் இருந்தே ஆக வேண்டும் என்றால், கேட்டதை மட்டும் கேளுங்கள், சொன்னதை மட்டும் சொல்லுங்கள், உங்கள் வழக்கைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை அம்மா எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல பழக்கம், மோசடிக்காரர்கள் அவ்வளவு பேர் அலைகிறார்கள். ஆனால் இந்தக் காரணத்தாலேயே பல திட்டங்கள் முதல் மாதத்தில் படுத்துவிடுகின்றன. தாதி எந்த எண்ணிலிருந்து கூப்பிடுவார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று வாங்கி, அம்மாவின் கைப்பேசியில் "சர்க்கரை தாதி" என்று பதிந்துவையுங்கள். முன்னால் கூட்டல் குறியோடு வரும் அழைப்பு வெளிநாட்டிலிருந்து வருவது, எடுக்க வேண்டாம். எந்தத் தாதியும் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) கடவுச்சொல்லோ வங்கி விவரமோ கேட்க மாட்டார், எந்தச் செயலியையும் ஒரு இணைப்பை அழுத்தி இறக்கச் சொல்ல மாட்டார். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழைத்துக் கேட்கலாம்.

தொலைபேசியால் ஆகாதவையும் இருக்கின்றன. பாதங்களை நேரில்தான் பார்க்க வேண்டும். உணர்ச்சி இருக்கிறதா என்று இழையால் தொட்டுப் பார்ப்பதையும் இரத்த ஓட்டம் பார்ப்பதையும் புகைப்படத்தில் செய்ய முடியாது. வருடத்துக்கு ஒருமுறை அது நடக்கட்டும், நடுவில் காலில் புண், கொப்புளம், நிறமாற்றம் தெரிந்தால் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே மருந்தகம். சிறுநீரகத்துக்கான இரத்த, சிறுநீர்ச் சோதனைக்கும் நேரில்தான் போக வேண்டும். எச்பிஏ1சியே சிலருக்கு ஏமாற்றும். இரத்தச்சோகை, தலசீமியா போன்றவை இருந்தால் அளவு பொய்யாகக் கூடவோ குறையவோ காட்டலாம். வீட்டு அளவுகள் 8, 9 என்று வந்துகொண்டே இருக்க, எச்பிஏ1சி மட்டும் 10க்கு மேல் நின்றால் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளுக்குத் தனிச் சட்டம் உண்டு. சாப்பிட முடியவில்லை என்று நீண்ட நேர இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரைகள், பெயர் "ஃப்ளோசின்" என்று முடியும், அம்மாவுக்குப் பின்னால் கொடுத்தார்கள் என்றால் அதையும் அன்று நிறுத்த வேண்டும். அதைச் சாப்பிடும்போது கருவியில் அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. இது தொலைவிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் பார்ப்பது சர்க்கரை அளவை மட்டும்தான். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது என்றால் எண் எதுவாக இருந்தாலும் அவசரப் பிரிவு. "உடம்புக்கு முடியாத நாளில் என்ன செய்வது" என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். முதல் அழைப்பிலேயே.

விரதங்களையும் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு அம்மா விரதம் இருப்பார் என்றால், அல்லது இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது நோன்பு வைப்பவர்கள் இருந்தால், இரண்டு மாதத்துக்கு முன்பே தாதியிடம் சொல்லுங்கள். ரமலான் நோன்பு மாதத்தில் வீட்டு அளவைப் பார்த்துத் தாங்களே மருந்தை மாற்றிக்கொள்ளும் முறையை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்து சிங்கப்பூரிலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள், முடிவு 2020இல் வந்தது. சொல்லிக்கொடுத்தவர்களுக்குத் தாழ்சர்க்கரை கூடாமல் சர்க்கரையும் நன்றாக இருந்தது. மறைத்துவைத்து நோன்பு பிடிப்பதுதான் ஆபத்து.

இப்போது அம்மாவின் கேள்வி. வேவு பார்க்கிறார்களா?

நாம் பேசும் விதத்தால் அப்படித்தான் தோன்றும். "கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை" என்கிறோம். தமிழில் கட்டுப்பாடு இல்லை என்றால் அது ஆளைத் திட்டுவது. அடங்காதவள், வாயைக் கட்டாதவள் என்று அம்மாவின் காதில் விழுகிறது. 2017 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன கணக்கு நினைவிருக்கிறதா? 60 வயது தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு. பத்தில் ஆறு பேர் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுப்போக முடியாது. அம்மாவுக்கு 17 வருடம் ஆகிறது. அவ்வளவு காலத்தில் கணையத்தின் இன்சுலின் சுரப்பே குறைந்துபோயிருக்கும். அவர் இன்றிலிருந்து வெறும் கீரையும் தண்ணீரும் சாப்பிட்டாலும் மருந்தைக் கூட்டாமல் 10.2 இறங்கி 7க்கு வருவது கஷ்டம்.

ஆகவே அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஆமாம், நீங்கள் குத்திப் பார்க்கும் அளவு அவர்களுக்குத் தெரியும். எந்த நாள் பார்க்கவில்லை என்பதும் தெரியும். என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு பேசினீர்கள் என்பது தெரியாது, அந்தக் கருவியில் கேமரா கிடையாது. யாருக்கு அந்த அளவுகளைக் காட்டலாம் என்பதில் அம்மாவின் சொல்தான் செல்ல வேண்டும். முக்கியமாக, உங்களுக்குக் காட்டலாமா என்பதிலும். பல செயலிகளில் குடும்பத்தாருக்கும் அளவு போகும் வசதி உண்டு. ஜூரோங்கில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கைப்பேசியில் 13.8 என்று வரும். நீங்கள் உடனே கூப்பிட்டு, "என்னம்மா சாப்பிட்டே?" என்பீர்கள். மூன்றே நாளில் கருவி அலமாரிக்குள் போய்விடும். அதனால் முதல் மூன்று மாதம் அந்த வசதியைத் திறக்காதீர்கள். 4க்குக் கீழே போனால் மட்டும் உங்களுக்கு எச்சரிக்கை வரும்படி அமைக்க முடிந்தால் அமையுங்கள், மற்றதைத் தாதி பார்த்துக்கொள்ளட்டும். அதற்குத்தானே சம்பளம்.

முதல் அழைப்பு நாளில் மட்டும் நீங்கள் விடுப்பு எடுத்துப் பக்கத்தில் இருங்கள். மருந்துப் பெட்டி முழுவதையும் மேசையில் கொட்டி வையுங்கள், பழைய பட்டைகள், முஸ்தஃபா கடையில் வாங்கிய பாகற்காய்ப் பொடி, ஊரிலிருந்து வந்த லேகியம் எல்லாவற்றையும் சேர்த்து. தாதி கேட்டால் லேகியத்தை மறைக்காதீர்கள். அழைப்பு நேரத்தைப் பேரன் பள்ளி விட்டு வருவதற்கு முன் வைக்கச் சொல்லுங்கள், அவன் வந்துவிட்டால் அம்மாவின் காது நமக்குக் கிடைக்காது.